தலையாட்டியும் ஒரு வினைச்சொல்லும்

என் அக்காவைக் கட்டியவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் இருந்தவரை அத்தானுக்கு வாய் ஓய்ந்ததில்லை. வெளியூர் பஸ்களுக்கு டிக்கெட் போடுகிற டிராவல்ஸ் ஆபீஸில் வேலை. இரண்டு காதிலும் இரண்டு போன், எதிரே நிற்கிறவரோடு கண்ணாலேயே ஒரு பேச்சு. கடைசி வரிசை சீட்டைக்கூட, "சார், அங்க உட்கார்ந்தா பின்னாடியிருந்து யாரும் முட்டிய வெச்சு இடிக்க மாட்டாங்க, ராஜா மாதிரி போகலாம்" என்று சொல்லித் தலையில் கட்டிவிடுவார். கல்யாணமான புதிதில் அக்கா என்னிடம் அலுத்துக்கொண்டதும் இதைப் பற்றித்தான்: "தூக்கத்துலயும் பேசுறாருடா."

அக்காவுக்கு வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை கிடைத்து அவள் முதலில் கிளம்பிப் போனாள். அங்கே டச்சு மொழி. பின்னால் அத்தான் போய்ச் சேர்ந்தபோது, அக்கா அந்த மொழியில் வாடகை வீட்டுக்காரரோடு சண்டையே போடுகிற அளவுக்குத் தேறியிருந்தாள். அத்தான் மட்டும் என்ன, இளிச்சவாயா? "பேச்சுதானே, ரெண்டு மாசத்துல பிடிச்சிடுவேன்" என்று சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறினார்.

முதல் வாரம் ரொட்டிக் கடைக்குப் போனார். வேண்டியதைக் கை காட்டினார். கடைக்காரப் பெண் ஏதோ கேட்டாள். புரியவில்லை. அவள் கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள். சத்தம் கூடியதே தவிர அர்த்தம் கூடவில்லை. பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் காலை மாற்றி நின்றார், ஒருவர் தொண்டையைச் செருமினார். அத்தானுக்குக் காது அடைத்துக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, தெருமுனையில் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். "மாப்ள, என் வாழ்க்கைல பேச்சு வராம நின்னது அன்னைக்குத்தான். கிணத்துல கால வெச்ச மாதிரி இருந்துச்சு, அடி தட்டுப்படவே இல்ல" என்று பிறகு என்னிடம் சொன்னார். அந்தப் பெண் கேட்டது வேறொன்றுமில்லை. ரொட்டியை நறுக்கித் தரவா என்றுதான்.

அன்றிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தார். யார் என்ன கேட்டாலும் சிரித்தபடி தலையை ஆட்டிவிடுவது. எதிராளி திருப்தியாகப் போய்விடுவார். அத்தானுக்கு மூச்சு திரும்ப வரும்.

ஒரு நாள் மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் கையுறை போட்ட இரண்டு பேர். ஏதோ கேட்டார்கள். அத்தான் தலையை ஆட்டினார். உள்ளே வந்தார்கள். சோபாவைக் காட்டி இன்னொன்று கேட்டார்கள். அதற்கும் ஆட்டினார். அவர்கள் சோபாவைத் தூக்கிக்கொண்டு போகும்போது இவரே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மாடி வீட்டுக்காரர் பழைய சோபாவைத் தானமாகக் கொடுக்க ஆள் வரச் சொல்லியிருந்தாராம். வந்தவர்கள் மணியை மாற்றி அடித்துவிட்டார்கள்.

சாயங்காலம் அக்கா வந்து வெறும் சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, சோபா எங்க?"

"வந்தாங்க. கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் சோபா திரும்பி வந்துவிட்டது. ஆனால் 'தலையாட்டி' என்ற பெயர் வந்தது வந்ததுதான். அக்கா வைத்த பெயர். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் தனியாக இருக்கும்போது மணி அடித்தால், அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வந்தவர் போகும்வரை குளியலறையில் நிற்க ஆரம்பித்தார். இது அக்காவுக்கு ரொம்ப நாள் தெரியாது.

மொழி வகுப்பு ஒரு நூலகத்தின் பின் அறையில் நடந்தது. பல தேசத்து ஆட்கள், வட்டமாகப் போட்ட நாற்காலிகள். டீச்சர் நல்ல மனுஷி. மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார், யாரையும் கடிந்து பேசமாட்டார். இருந்தும் அத்தானுக்கு அந்த வட்டம் நீதிமன்றம் மாதிரி இருந்தது. ஒவ்வொருவராக வாக்கியம் சொல்லிக்கொண்டு வருவார்கள். தன் முறைக்கு எந்த வாக்கியம் வரும் என்று நாற்காலிகளை எண்ணிப் பார்த்து, அதை மட்டும் உள்ளுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொள்வார். பக்கத்து ஆள் வந்ததும் டீச்சர் திடீரென்று எதிர்த்திசையில் திரும்பிவிடுவார். முதுகு முழுக்க வியர்த்துவிடும்.

அன்றைய பாடம் 'ஸிட்டன்'. உட்காருவது என்று அர்த்தம். டீச்சர் பலகையில் எழுதினார். நான் என்றால் 'இக் ஸிட்'. நீ என்றால் 'யெய் ஸிட்'. அவன் என்றால் 'ஹெய் ஸிட்'. நாங்கள் என்றால் 'வெய் ஸிட்டன்'. மற்ற வினைச்சொற்களுக்கு நீ, அவன் என்று வரும்போது கடைசியில் ஒரு 'ட்' ஒட்ட வேண்டும். இதிலோ ஏற்கெனவே 'ட்' இருக்கிறது, அதனால் ஒட்ட வேண்டாம். அத்தானுக்கு நிம்மதியாக இருந்தது. முதல் முறையாக அவரிடம் எதையும் கூடுதலாகக் கேட்காத ஒரு சொல்.

டீச்சர் அவரைப் பலகைக்கு அருகே வரச் சொன்னார். கையில் பையோடு எழுந்து போனார். டீச்சர் பையைப் பார்த்து, "வாட் ஸிட் எர் இன் யூவ் டஸ்?" என்று கேட்டார். பைக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்வி அது. அத்தானுக்குக் கேட்டது 'ஸிட்' மட்டும்தான். உட்காரச் சொல்கிறார்கள். சுற்றுமுற்றும் பார்த்தார், நாற்காலி இல்லை. சொன்ன பேச்சைத் தட்டக் கூடாதே என்று தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. டீச்சரும் சிரித்து, கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அத்தானும் சிரித்தார். ஆனால் அடுத்த வகுப்புக்கு நூலக வாசல் வரை போனவருக்குக் கால் உள்ளே போகவில்லை. எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வகுப்பு முடிகிற நேரத்துக்கு எழுந்து வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வகுப்புக்கும் அதே கதை. அக்கா "இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்டால் பழைய பாடத்தையே புதிது மாதிரி சொன்னார்.

கடைசியில் அக்காவே பஸ்ஸிலிருந்து அந்த நிறுத்தத்தில் இறங்கினாள். மழைச் சாரலில் இவர் குடையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க இது?"

"முடியல" என்றார். "அந்த ரூமுக்குள்ள போனா நெஞ்சு படபடங்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணுமோன்னுகூட நினைச்சேன். அப்புறம் அங்கயும் பேசணுமேன்னு விட்டுட்டேன்."

அன்று முதல் அடுக்களையிலேயே பாடம் நடந்தது. அக்கா சமைத்துக்கொண்டே கேட்பாள்.

"இந்த மொழியில நிறைய விஷயம் உட்கார்ந்துக்கும்ங்க. உள்ள அடங்கியிருந்தா 'இருக்கு'ன்னு சொல்றதுக்குப் பதிலா 'உட்கார்ந்திருக்கு'ம்பாங்க. சாவி பாக்கெட்ல உட்காரும். சர்க்கரை டீல உட்காரும்."

"சர்க்கரை எப்படி உட்காரும்? அதுக்கு ஏது இடுப்பு?"

"உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்? சொல்லுங்க. உள்ள ஒரு ஆள் இருக்கான்."

"ஹெய் ஸிட்... உள்ளங்கிறதுக்கு என்ன?"

"பின்னன்."

"உள்ளங்கிறதுக்குப் பின்னன்னா? நம்மள பைத்தியம் ஆக்கறதுக்குன்னே வெச்சிருக்கானுங்க. சரி, வெளியங்கிறதுக்கு முன்னனா?"

"பௌட்டன்."

மாட்டிக்கொள்வதற்கும் அதே வினைச்சொல்தான், பின்னால் ஒரு 'ஃபஸ்ட்' சேர்த்தால் போதும். 'இக் ஸிட் ஃபஸ்ட்' என்றால் நான் மாட்டிக்கொண்டேன். இதை மட்டும் அத்தான் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். "இது எனக்குன்னே செஞ்ச வாக்கியம்" என்றார். நடந்து முடிந்ததற்கு 'ஸட்', பலர் என்றால் 'ஸாட்டன்'. அடுக்களையில் எல்லாம் சரளமாக வந்தது. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் நிற்காது.

வேலை ஒரு குளிர்பதனக் கிடங்கில் கிடைத்தது. பட்டாணி, கேரட், பீன்ஸ் எல்லாம் நறுக்கி உறையவைத்துப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் பெரிய கிடங்கு. அத்தானுக்கு முன் கூடத்தில் பெட்டிகளை லேபிள் பார்த்துப் பிரிக்கிற வேலை. பேச வேண்டியதில்லை என்பதாலேயே அவருக்கு அது பிடித்திருந்தது. கூடத்திலிருந்து ஒரு நீண்ட நடைவழி, அதன் கடைசியில் உறைகூடம். உள்ளே மூச்சு விட்டால் மூக்கு மயிர் விறைத்துவிடும். பஞ்சு வைத்த உடையும் காதுறையும் இல்லாமல் அங்கே யாரும் போகக் கூடாது.

உறைகூடத்துக்குள் சரக்குத் தூக்கி வண்டி ஓட்டுகிறவரை அத்தான் மனதுக்குள் 'மீசை' என்று கூப்பிட்டார். வேறெங்கோ இருந்து வந்த மனிதர். பெரிய மீசை. உள்ளே போய் வந்தால் அதில் வெள்ளையாகப் பனி உறைந்திருக்கும், ஒரே மணி நேரத்தில் கிழவனாகிவிட்ட மாதிரி. அவருக்கும் டச்சு அரைகுறை. இடைவேளையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஆளுக்கு நாலு சொல்லை வைத்துக்கொண்டு கையும் காலும் ஆட்டிப் பேசுவார்கள். அவர் முன்னால் அத்தானுக்குப் பயம் வராது. தப்பாகப் பேசினால் கண்டுபிடிக்கிற அளவுக்கு மீசைக்கும் மொழி தெரியாதே. மீசை தன் பெயரை முதல் நாளே சொல்லியிருந்தார். அத்தான் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். பிடிபடவில்லை. மறுபடி கேட்கக் கூச்சம். நாள் ஆக ஆக இனிமேல் கேட்கவே முடியாது என்றாகிவிட்டது.

அது நடந்தது ஒரு காலை வேளை. மீசை தன் வண்டியோடு நடையில் போவதை அத்தான் பார்த்தார். போகிற போக்கில் மீசை கையைத் தூக்கினார், இவரும் தூக்கினார். உறைகூடத்துக் கதவு திறந்து மூடியது.

கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதியது. வழக்கமாகச் சோதனைக்கு ஊதும் சங்கு சட்டென்று நின்றுவிடும். இது நிற்கவில்லை. கூரையில் சிவப்பு விளக்குகள் சுழன்றன. அதோடு ஒரு வாடை வந்தது, மூக்கில் ஊசி ஏற்றிய மாதிரி. குளிரூட்டும் குழாய்களில் ஓடுகிற அமோனியா வாயு எங்கோ கசிகிறது. கண் எரிந்தது. எல்லோரும் ஓடினார்கள். அத்தானும் ஓடினார். எதையும் யோசிக்கவில்லை. முன்னால் ஓடுகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினார்.

வண்டி நிறுத்துமிடத்தில் எல்லோரையும் பிரிவு பிரிவாக நிற்க வைத்தார்கள். மேற்பார்வையாளர் ஒரு உயரமான அம்மாள். ஆட்கள் அவரை நெட்டை என்பார்கள். மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, கையில் வாக்கி-டாக்கியோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். கூடத்து ஆட்கள் பக்கம் வந்ததும் முன்னால் நின்றவர் அத்தான். அவரைப் பார்த்து வேகமாக, "ஈடரேன் பௌட்டன்?" என்றார்.

அத்தான் தலையை ஆட்டினார்.

நெட்டை அம்மாள் திரும்பி வாக்கி-டாக்கியில் ஏதோ சொன்னார். அடுத்த பிரிவுக்குப் போய்விட்டார்.

அதன் பிறகுதான் அந்த இரண்டு சொற்களும் அத்தானின் காதிலிருந்து மூளைக்கு வந்து சேர்ந்தன. பௌட்டன் என்றால் வெளியே. ஈடரேன் என்றால் எல்லோரும். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று கேட்டிருக்கிறார். இவர் ஆமாம் என்று தலையை ஆட்டியிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தார். முகம் முகமாகத் தேடினார். தொப்பி போட்டவர், இருமுகிறவர், போனில் பேசுகிறவர். மீசை இல்லை. இன்னொரு பிரிவின் பக்கம் ஓடிப் பார்த்தார். அங்கும் இல்லை. உறைகூடத்துக் கதவு திறந்து மூடியது மட்டும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

தீயணைப்பு வண்டிகள் வந்துவிட்டன. அந்த வீரர்கள் அவசரமில்லாமல் குழாய்களை இறக்கினார்கள். உள்ளே யாரும் இல்லை என்று அவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. யாருமில்லாத கட்டடத்துக்குள் யார் அவசரமாக ஓடுவார்கள்? ஒருவர் கிடங்கின் பெரிய சுருள் இரும்புக் கதவைக் கீழே இழுத்துச் சாத்த ஆரம்பித்தார், வாயு தெருவுக்கு வராமல் இருக்க.

"மாப்ள, கதவு இறங்கறதப் பாத்தேன். அது அந்த ஆள் மேல இறங்கற மாதிரியே இருந்துச்சு" என்றார் அத்தான் என்னிடம்.

நெட்டை அம்மாளிடம் ஓடினார். கையைப் பிடித்தார். வாயைத் திறந்தார். ரொட்டிக் கடையில் நடந்ததே இங்கும் நடந்தது. காது அடைத்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது. உள்ளே மட்டும் பலகையில் எழுதிய வரிசை ஓடிக்கொண்டிருந்தது. இக் ஸிட், யெய் ஸிட், ஹெய் ஸிட். எது முதலில் வரவேண்டும், எது அடுத்து?

"ஹெய்..." என்றார். "ஸிட்... ஸிட்டன்..."

அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் வெளுத்து, முழங்கால் நடுங்க நிற்கிற ஒரு மனிதர் உட்காருவதைப் பற்றி ஏதோ சொல்கிறார். மயக்கம் வருகிறதுபோல என்று எடுத்துக்கொண்டார். இரக்கத்தோடு தோளில் கை வைத்து, "யா, ஹா மார் ஸிட்டன்" என்று நடைபாதை ஓரத்தைக் காட்டினார். ஆமாம், போய் உட்காருங்கள். சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அத்தான் உட்காரவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை என்கிறார். தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம் அல்ல அது. இவ்வளவுதான் நம்மால் முடியும், இதற்கு மேல் ஒரு சொல் வராது, ஒரு ஆள் அதனால் சாகப்போகிறான் என்ற பயம். அம்மாளின் முன்னால் போய் வழி மறித்து நின்றார். அவர் விலகினால் இவரும் விலகி மறித்தார்.

"நே!" என்று கத்தினார். இல்லை என்று அர்த்தம். அந்த தேசத்தில் அத்தான் சத்தமாகச் சொன்ன முதல் சொல் அது. "நே பௌட்டன்! ஹெய் ஸிட் பின்னன்! எர் ஸிட்... எர் ஸிட் ஈமண்ட் பின்னன்!"

உள்ளே ஒரு ஆள் இருக்கிறார்.

அம்மாள் அப்படியே நின்றார். "வீ?" என்றார். யார்?

யார்! இத்தனை நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மனிதனின் பெயர் தெரியாது. அத்தானுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கை விரல்களையும் மூக்குக்குக் கீழே வைத்து, காது வரை இழுத்துக் காட்டினார். பிறகு ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி காட்டினார். பிறகு தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டினார். பார்க்கிறவர்களுக்குக் கூத்து மாதிரி இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

"ஹெய் ஸிட் ஃபஸ்ட்" என்றார் கடைசியாக. மாட்டிக்கொண்டிருக்கிறார்.

அம்மாள் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோய்க் கத்திக்கொண்டே ஓடினார். சாத்திய கதவு மறுபடி ஏறியது. முகமூடியும் முதுகில் காற்றுக் குடுவையும் மாட்டிய இரண்டு வீரர்கள் உள்ளே ஓடினார்கள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

எவ்வளவு நேரம் என்று அத்தானுக்குத் தெரியாது. நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்தார். யாரோ போர்வை போர்த்திவிட்டார்கள். போன் அடித்தது, அக்கா. மருத்துவமனைகளுக்குச் செய்தி போய், முதியோர் இல்லம் வரை வந்திருக்கிறது. "நல்லாருக்கீங்களா? பேசுங்க, ஏதாவது பேசுங்க" என்று அவள் கெஞ்சுகிறாள். இவருக்குத் தமிழும் வரவில்லை.

மீசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த உடம்பு அசையவில்லை. அத்தான் எழுந்து பின்னாலேயே நடந்தார். ஆம்புலன்ஸ் கதவருகே போனதும் அந்த உடம்பு இருமியது. பிறகு நிறுத்தாமல் இருமியது. அவ்வளவு இனிமையான இருமலைத் தான் கேட்டதில்லை என்பார் அத்தான்.

காதுறையோடு உறைகூடத்தின் கோடியில் வேலை பார்த்த மீசைக்குச் சங்கு கேட்கவில்லை. கதவுக்கு மேலிருந்த விளக்கைப் பனி மூடியிருந்தது. வேலை முடிந்து கதவைத் திறந்தால் நடை முழுக்க வாயு. கண்ணும் தொண்டையும் எரிந்து, மறுபடி உள்ளேயே போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார். வெளியே போனால் வாயு, உள்ளே இருந்தால் குளிர். கையைக் காலைத் தட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்து, கடைசியில் வண்டியிலேயே சாய்ந்துவிட்டார்.

மறுநாள் அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார் அத்தான். படுத்திருந்தவரின் விரல்களில் கட்டு. மீசையை மழித்துவிட்டார்கள், ஆக்ஸிஜன் முகமூடி பொருந்துவதற்காக. அத்தானுக்கு யாரோ அந்நியரைப் பார்ப்பது போலிருந்தது. அந்த அந்நியர் கரகரத்த குரலில் ஒரு கேள்வி கேட்டார்: "வார் ஸட் யெய்?" நீ எங்கே இருந்தாய்?

சாதாரணக் கேள்விதான்.  "இக் ஸட் பௌட்டன்" என்றார் அத்தான். நான் வெளியே இருந்தேன். இலக்கணம் சரி. இறந்தகாலம் சரி. தலையாட்டியதை மட்டும் சொல்லவில்லை.

நிர்வாகம் விசாரணை வைத்தது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று தவறாகச் சொன்னதற்கு நெட்டை அம்மாள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. தலையாட்டியவர் யார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பரபரப்பில் முகம் நினைவில்லையோ, காட்டிக்கொடுக்க மனமில்லையோ, தெரியாது. மாறாக எல்லோரும் அத்தானைத் தட்டிக்கொடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றியவராம்.

வீட்டில், தலையாட்டியதை அக்காவிடம் மட்டும் சொல்லிவிட்டு, அத்தான் சாப்பிடாமல் இருந்தார்.

"யாரும் கேக்கலல்ல? அப்புறம் என்ன?" என்றாள் அக்கா. "வேலை போயிடும்ங்க. பேசாம இருங்க."

"பேசாம இருந்துதான் இவ்வளவும்."

"அந்த ஆள் பொழச்சிட்டாரு."

"அந்த அம்மா?"

 அக்கா கொஞ்ச நேரம் பாத்திரத்தையே கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "தலையாட்டறதுக்கு 'க்னிக்கன்'னு சொல்லணும். நடந்து முடிஞ்சதுன்னா 'க்னிக்டெ'. சொல்லுங்க."

விசாரணை அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். மொழிபெயர்ப்பாளர் போனில் இருக்கிறார், வேண்டுமானால் பேசலாம் என்றார்கள். அத்தானின் உள்ளங்கை ஈரம் மேசையில் பதிந்தது. தமிழில் சொன்னால் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரியே சொல்லிவிடுவோம் என்று பயந்தாராம். கடைசி சீட்டை ராஜா சீட்டாக விற்ற வாய் அல்லவா. தெரிந்த நாலு சொல்லில் பொய் சொல்ல வழியில்லை.

"ஹெய் ஸட் பின்னன்" என்றார், அவர் உள்ளே இருந்தார். நான் பார்த்தேன். அம்மாள் கேட்டார். இக் க்னிக்டெ. நான் தலையை ஆட்டினேன். புரியாமல் ஆட்டினேன்.

சொல்லி முடித்தபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூன்று பேரும் எழுதிக்கொண்டார்கள். நெட்டை அம்மாள் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது அத்தானுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

அம்மாளுக்குக் கண்டிப்போடு போயிற்று. அத்தானின் ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வாசல், விளக்கு, கழிப்பறை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற வேலை. நாள் முழுக்கப் பிள்ளைகள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். புரியாவிட்டால், "புரியல, மறுபடி சொல்லு" என்கிறார். அதைச் சொல்வதற்கு முன்னால் இன்றைக்கும் ஒரு நொடி நெஞ்சு நின்று ஓடுமாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மீசையிடமும் ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.  அதற்குப் பிறகு கொஞ்ச காலம் மீசை போனையே எடுக்கவில்லை. குளிர் காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே கூப்பிட்டார். வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை, பழுது பார்க்கிறவரிடம் என்ன சொல்வது என்று கேட்டார். இருவரும் அரைமணி நேரம் முட்டி மோதி ஒரு வாக்கியம் தயாரித்தார்கள். அக்கா பக்கத்து அறையில் இருந்து கேட்டுவிட்டு, அது சுத்தத் தப்பு என்று என்னிடம் சொன்னாள். ஆனால் ஆள் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனாராம்.